பொருட்பட்டியலும் வரலாற்று ஆவணமே

போர்களையும் ஒப்பந்தங்களையும் மாத்திரம் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்வது பழைய வழக்கு. ஒரு தொழிற்சாலை வெளியிடும் பொருட்பட்டியலும், தன் காலத்துத் தொழில்நுட்பத்தையும் உழைப்பின் விலையையும் பதிவுசெய்யும் ஆவணமாகும். ஐக்கிய அமெரிக்காவின் வின்செஸ்ரர் நிறுவனம் ஆக்கிய நெம்புத் துப்பாக்கிகளின் வரிசை இதற்குத் தக்க சான்றாகும்.

சட்டை உற்பத்தியிற் பொருளீட்டிய ஒலிவர் வின்செஸ்ரர் 1866 இல் இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தார். விசையைச் சூழ்ந்துள்ள நெம்பைக் கீழ்த்தள்ளி மீட்டால் வெற்றுத் தோட்டா வெளியேறும், அடுத்தது ஏறிக்கொள்ளும். முதல் வகையின் உடற்பகுதி வெண்கலக் கலவையாலானது. 1873 ஆம் ஆண்டு வகையில் அவ்விடத்தை இரும்பு பெற்றது. பின்னர் ஜோன் பிரௌணிங் 1886, 1892, 1894 ஆம் ஆண்டு வகைகளை வடிவமைத்தார். 1895 இல் புகையற்ற வெடிமருந்துத் தோட்டா வந்தபோது, அதன் பேரழுத்தத்தைத் தாங்க நிக்கல் கலந்த உருக்குக் குழாய் வேண்டப்பட்டது. இதுவரை நிகழ்ந்த மாற்றங்கள் யாவும் கருவியை வலுப்படுத்தியவை.

1964 ஆம் ஆண்டு மாற்றமோ வேறு தன்மையது. நிறுவனம் 1931 முதல் ஒலின் குடும்பத்தார் வசமிருந்தது. தேர்ந்த தொழிலாளர் கடைந்தெடுத்த உறுப்புகளுக்கு ஆகும் செலவைக் குறைப்பதே இப்போது நோக்கமாயிற்று. தோட்டாவை உயர்த்தும் உறுப்பு தகட்டில் அச்சு வெட்டப்பட்டது. திண்மையான ஊசிகளின் இடத்தில் உட்டுளையுள்ள ஊசிகள் செருகப்பட்டன. துப்பாக்கி முன்போலவே சுட்டது. ஆயினும் வாங்குவோர் வேறுபாட்டை உணர்ந்தனர். ‘1964க்கு முந்தியது’ என்பதே சந்தையில் ஒரு தரச்சொல்லாகி, பழைய துப்பாக்கிகளின் மதிப்பு உயர்ந்தது.

இதனோடு இணைத்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதே 1964 இல் வயோமிங் மாநிலத்தின் 75 ஆம் ஆண்டு நிறைவுக்கும், 1966 இல் நிறுவனத்தின் நூற்றாண்டுக்கும் நினைவுப் பதிப்புகள் வெளிவந்தன. வேலைப்பாடு குறைந்த காலத்திலேயே பழம்பெருமை விற்பனைப் பொருளாயிற்று.

1981 இல் ஆலை கைமாறியது. 2006 இல் நியூ ஹேவன் நகரிலிருந்த அவ்வாலை மூடப்பட்டது. 2010 இல் 1894 ஆம் ஆண்டு வகை மீண்டும் பட்டியலில் இடம்பெற்றபோது, அதனை ஆக்கியோர் யப்பானியத் தொழிலாளர். பெயர் நிலைத்தது, அப்பெயருக்கு மதிப்பைத் தேடிக்கொடுத்த நியூ ஹேவன் தொழிலாளருக்கு அதிற் பங்கில்லை. கூலிக்கும் இலாபத்துக்குமிடையிலான முரண்பாட்டை ஆராய்வோர், ஏட்டுச் சான்றுகளோடு இத்தகைய சிறு ஊசியொன்றையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.