சலூனும் சஞ்சிகையும்
(அமரர் டொமினிக் ஜீவாவின் நினைவாக)

எமது சங்கத்தின் ஆண்டு மலரிலே ஈழத்துப் பெரியார் ஒருவரை நினைவுகூர்ந்து கட்டுரை வரைவது நெடுநாள் வழக்கம். இவ்வாண்டு டொமினிக் ஜீவாவைப் பற்றி எழுதப்போகிறோம் என்று மலர்க்குழுவிலே சொன்னபோது மூத்தவர் சிலர் முகஞ் சுளித்தனர். கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர், பொதுவுடைமைக் கொள்கையர், அவருக்கும் இந்து வாலிபர் சங்கத்துக்கும் யாது தொடர்பு? இதுவே அவர்களுடைய வினா. வினா நியாயமானதே. விடை சொல்ல முயல்வோம்.

1927 ஜூன் 27இல் யாழ்ப்பாணத்திலே பிறந்த ஜீவாவின் குடும்பத்தார் முடிதிருத்தும் தொழிலைச் செய்தவர்கள். அக்காலத்து யாழ்ப்பாணக் கிராமங்களிலே அது தொழில் மட்டுமன்று, குடிமையுமாகும். வீடுகளுக்குத் தாமே சென்று, முற்றத்திலோ கோடிப்புறத்திலோ இருந்து வேலை செய்து, கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். நன்மை தின்மைகளிலும் அவர்களுக்கென விதித்த கடமைகள் இருந்தன. கூலியைப் பேசும் உரிமையோ, வரமாட்டேன் என்று சொல்லும் உரிமையோ இல்லை.

பட்டணத்திலே சலூன் என்று ஒன்று தோன்றியபோது இந்த முறை தலைகீழாயிற்று. வேலை வேண்டியவர் கடை தேடி வரவேண்டும். வந்தவர் வாங்கிலே தமது முறைவரும் வரை காத்திருக்கவேண்டும். எழும்போது காசைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பார்ப்பதற்குச் சிறிய மாற்றந்தான். ஆயினும் கஸ்தூரியார் வீதியில் இருந்த யோசப் சலூனிலிருந்து ஓர் எழுத்தாளர் எழுந்தமைக்கு இந்த மாற்றமே அடிப்படை என்பது எமது எண்ணம். எவரிடமும் கைகட்டி நில்லாத ஒரு சீவனோபாயம் அவருக்கு இருந்தது. பிற்காலத்தில் எவரிடமும் கைகட்டி நில்லாத ஒரு சஞ்சிகையை நடத்தும் துணிவை அதுவே கொடுத்திருக்க வேண்டும்.

பள்ளிப் படிப்பு அவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. வகுப்பறையிலே சாதியைச் சுட்டி இகழப்பட்ட சிறுவன், அந்த இகழ்ச்சியைப் பொறுக்கமாட்டாமல் ஆரம்ப வகுப்புகளோடு படிப்பை விட்டான். உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்ற சம ஆசன விதி 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தபோது யாழ்ப்பாணத்தில் எத்தகைய எதிர்ப்புக் கிளம்பிற்று என்பதை மூத்தோர் கேள்விப்பட்டிருப்பர். வாங்கு சமமாயிற்று, வாய் சமமாகவில்லை. மிஷன் பாடசாலையிற் படித்த நாம் இதனைச் சற்று நாணத்தோடுதான் எழுதுகிறோம். ஆங்கிலப் புலவர்களின் பிறந்த ஊரும் இறந்த ஆண்டும் எமக்கு மனப்பாடம். பாடசாலை விட்டுக் கஸ்தூரியார் வீதியால் எத்தனையோ நாள் வந்திருக்கிறோம். அவ்வீதியில் இருந்து ஒரு சஞ்சிகை புறப்பட்ட செய்தியை எவரும் எமக்குச் சொல்லவில்லை.

விட்ட படிப்பைச் சலூனிலே தொடர்ந்தார் ஜீவா. அங்கே பத்திரிகை உண்டு, அரசியல் உண்டு, முறைக்காகக் காத்திருப்போரின் வாதப் பிரதிவாதங்கள் உண்டு. தமிழகத்துப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மீது கொண்ட பற்றினாலே தமது பெயரோடு ஜீவா என்பதைச் சேர்த்துக்கொண்டார். 1954இல் அமைந்த இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்திலே கே. டானியல் முதலானோரோடு சேர்ந்து உழைத்தார். 1960இல் வெளிவந்த அவரது முதற் சிறுகதைத் தொகுதியாகிய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. ‘பாதுகை’, ‘சாலையின் திருப்பம்’ என்பன பின்னர் வந்தன.

உழைத்து உண்போரும், தீண்டாமையால் ஒதுக்கப்பட்டோருமே அக்கதைகளின் மாந்தர். அவர்கள் தாம் வீட்டிலும் வீதியிலும் பேசிய தமிழையே கதையிலும் பேசினர். அதுவே குற்றமாயிற்று. 1960களின் முற்பகுதியிலே பண்டிதர்கள் சிலர் இத்தகைய நடையை ‘இழிசனர் வழக்கு’ என்று பழித்தனர். மரபுப் போராட்டம் எனப்படும் அவ்விவாதத்திலே க. கைலாசபதி, கா. சிவத்தம்பி போன்றோர் எழுத்தாளர் பக்கம் நின்றனர். இலக்கணம் பிழைக்காமல் எழுதவேண்டும் என்ற பண்டிதர்களின் கவலையை நாம் முற்றாகத் தள்ளிவிடவில்லை. இக்கட்டுரையின் நடையைக் கண்டோர் அதனை அறிவர். ஆனால் ஒருவன் தன் தாயோடு பேசும் மொழிக்கு அப்பெயர் சூட்டியதை எந்த இலக்கணத்தாலும் நியாயப்படுத்தமுடியாது.

1966 ஆகஸ்ட் மாதத்திலே ‘மல்லிகை’யின் முதல் இதழ் வெளிவந்தது. ஈழத்திலே தமிழ்ச் சஞ்சிகை தொடங்குவது அரிதன்று, தொடர்வதே அரிது. ‘மறுமலர்ச்சி’ 1946இல் தோன்றி 1948இல் நின்றது. ‘கலைச்செல்வி’ 1958 முதல் 1966 வரை நடந்தது. ‘மல்லிகை’யோ 2012 வரை ஏறக்குறைய நானூறு இதழ்களைக் கண்டது. பெருமுதலாளி எவரும் அதன் பின்னால் இல்லை. சலூனே அதன் முதற் காரியாலயம். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கையாற் பொறுக்கிக் கோத்து, அச்சிட்டு, மீண்டும் பிரித்து அறைகளில் இட்டு அடுத்த பக்கத்தைக் கோக்கும் காலம் அது. அச்சான பிரதிகளைச் சுமந்துகொண்டு ஆசிரியரே தெருத்தெருவாகச் சென்று விற்றார். விழா நடக்கும் மண்டப வாயிலிலும், நண்பர் வீட்டு வாசலிலும், கந்தோரிலும் அவரைக் காணலாம். இலவசமாகக் கொடுப்பதிலே அவருக்கு உடன்பாடு இல்லை. எழுத்துக்கு விலை உண்டு என்பதைத் தொழில் செய்து பழகிய கை அறியும். இதனைச் சிலர் எள்ளியதும் உண்டு; எள்ளியோர் நடத்திய சஞ்சிகைகள் எத்தனை இதழ் வந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

கிழக்கிலங்கையினரும், மலையகத்தாரும், தென்னிலங்கை முஸ்லிம் எழுத்தாளரும் அதிலே எழுதினர். திக்குவல்லை கமால் போன்றோரின் பெயர்கள் வடபகுதி வாசகருக்குப் பழக்கமானதில் ‘மல்லிகை’க்குப் பெரும்பங்கு உண்டு. சிங்களக் கதைகளும் தமிழாகி வந்தன. எழுத்தாளர், கலைஞர், அறிஞர் ஆகியோரின் உருவப்படங்களை அட்டையிலே தாங்கி வருவது அதன் தனி வழக்கு. ‘தூண்டில்’ என்னும் கேள்வி பதில் பகுதியிலே வாசகரோடு ஆசிரியரே நேரிற் பேசினார்.

யுத்தத்தைப் பற்றி விரித்தெழுத இங்கு இடமில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990களிலே கடதாசி வருவது தடைப்பட்டுப் பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாயின. 1995இன் இடப்பெயர்வோடு பட்டணமே வெறுமையாயிற்று. ஜீவா கொழும்புக்குச் சென்று, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து ‘மல்லிகை’யைத் தொடர்ந்து நடத்தினார். மல்லிகைப் பந்தல் என்னும் பதிப்பகத்தின் மூலம் பிறருடைய நூல்களையும் வெளியிட்டார். ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்ற சுயசரிதையிலே தமது தொழிலையும் பட்ட அவமானத்தையும் ஒளிக்காமல் எழுதினார். 2021 ஜனவரி 28இல் கொழும்பிலே காலமானார். இன்று நூலகம் இணையத் தளத்திலே ‘மல்லிகை’யின் பழைய இதழ்களைப் படிக்கலாம். நாமும் அங்கேதான் படித்தோம்.

இனி, தொடர்பு யாது என்ற வினாவுக்கு வருவோம். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. பதினொரு ஆண்டு கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே சென்று வணங்க விரும்பிய சைவர்கள் சைவர்களாலேயே தடுக்கப்பட்டனர். ‘மல்லிகை’ தோன்றி அப்போது இரண்டு ஆண்டுகளே. ஜீவா எழுதியது எமது கோயில் வாயிலைப் பற்றி, எமது கிணற்றைப் பற்றி, எமது முற்றத்தைப் பற்றி. இதைவிட நெருங்கிய தொடர்பு வேறென்ன வேண்டும்?

மலர்க்குழுவிலே இதனைச் சொல்லி முடித்தபோது, முதலில் முகஞ் சுளித்த மூத்தவர் ஒருவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, சிறுவயதிலே தம்மைப் பட்டணத்துச் சலூன் ஒன்றுக்கு அனுப்பும்போதெல்லாம், “அங்கை தண்ணி வாங்கிக் குடிச்சிடாதை” என்று வீட்டிலே சொல்லி அனுப்புவார்களாம் என்றார். சித்திரை வெயிலிலே நடந்துபோய், வாங்கிலே இருந்து, கடைக்காரர் தாமாகவே நீட்டிய செம்பை வேண்டாமென்று சொல்லிவிட்டு, நாவரள வீடு திரும்பிய நாளொன்று இன்னும் நினைவிருக்கிறதாம்.

“அவற்றை புத்தகத்தின்ரை பேர் என்னெண்டு சொன்னீர் தம்பி?” என்று கேட்டார்.

‘தண்ணீரும் கண்ணீரும்’ என்றோம்.

“நான் சொன்னதையும் சேர்த்து எழுதும்” என்றார். எழுதிவிட்டோம்.