பாட்டியோட வெள்ளித்தட்டை எடைக்குப் போடும் முன்... இதைப் படிங்க!

திருப்பூர்க்காரங்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஒரே துணி, ஒரே தையல். ஆனா, கழுத்துல இருக்கிற லேபிள் மாறினா டீ-ஷர்ட்டோட விலையே மாறிடும். பழைய வெள்ளிப் பாத்திரமும் அப்படித்தான். யார் செஞ்சது, யார் வீட்டுல இருந்தது என்பதுதான் அதோட லேபிள்.

பட்டியாலா விருந்து

1922-ல் இங்கிலாந்து இளவரசர் எட்வர்டு பட்டியாலாவுக்கு வந்தார். அவருக்கு விருந்து வைக்க, தங்க முலாம் பூசிய வெள்ளி டின்னர் செட்டை லண்டனில் செய்து வாங்கினார் மகாராஜா பூபிந்தர் சிங். சுமார் 1,400 உருப்படிகள்! 2013-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது ஏறக்குறைய 19.6 லட்சம் பவுண்டுக்குப் போனது. உருக்கி விற்றிருந்தால் இதில் சின்னப் பங்குதான் தேறியிருக்கும்.

நம்ம மெட்ராஸ் சரக்கு

ராஜா வீட்டு வெள்ளின்னா எல்லாமே லண்டன் சரக்குன்னு நினைக்காதீங்க. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் இருந்த பி.ஆர் அண்ட் சன்ஸ், 'சுவாமி வெள்ளி'க்குப் பேர்போனது. டீ பாட், தட்டு எல்லாவற்றிலும் சாமி உருவங்கள் புடைப்பாக இருக்கும். 1875-76 சுற்றுப்பயணத்தில் பரோடா கெயிக்வாட் இளவரசருக்குத் தந்த பரிசுகளில் இந்த டீ செட்டும் உண்டு. அந்த இளவரசர், 1922-ல் வந்தவரின் தாத்தா!

கடைக்குப் போகும் முன்...

* அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்க. '925' என்றால் 92.5% வெள்ளி. நடக்கும் சிங்க முத்திரை இங்கிலாந்து வெள்ளிக்கான அடையாளம்.

* 'அரண்மனைப் பொருள்'னு வாயால சொன்னா போதாது. பழைய பில், கடிதம், போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்க.

* கறுப்பா இருக்கேன்னு பளபளன்னு தேய்க்காதீங்க. நுண்ணிய வேலைப்பாடு மழுங்கிடும். மெத்தென்ற பழைய பனியன் துணியால் துடைத்தால் போதும்.

* ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீங்க. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

* 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் வருடச் சட்டம் தடை போடுகிறது.

நம்ம வீட்டுத் தட்டு எந்த ராஜா வீட்டிலிருந்தும் வந்திருக்காதுதான். ஆனா, விளிம்புல பாட்டி பேரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கா பாருங்க. கடையில எடை மட்டும்தான் போடுவாங்க. உருக்கிட்டா அந்தப் பேர் திரும்ப வராது. விக்கிறதா இருந்தாலும், அதை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் கிளம்புங்க.