பிரிந்த அணிகள் இணைந்த வரலாறு

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘உட்பகை’ எனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். அரசனுக்கு உரைத்த அவ்வறிவுரை இக்காலக் கட்சிகளுக்கும் பொருந்துவதாகும். ஒரே கட்சிக்குள் மோதிய இரு அணிகளை மீண்டும் ஒன்றாக்குவது அரிய செயல். அது கைகூடுவது எவ்வாறு? தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் நடந்த இரு நிகழ்ச்சிகள் இவ்வினாவிற்கு விடை தருவன.

அ.இ.அ.தி.மு.க.வின் நிறுவனர் எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24ஆம் நாள் மறைந்தார். அவர்தம் துணைவியார் வி.என். ஜானகி அம்மையார் 1988 ஜனவரியில் முதலமைச்சரானார். கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளராகப் பணியாற்றிய ஜெ. ஜெயலலிதா எதிரணிக்குத் தலைமை ஏற்றார். ஜனவரி 28ஆம் நாள் சட்டமன்றத்தில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு அமளியில் முடிந்தது. இரண்டே நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சியின் இரட்டை இலைச் சின்னமும் முடக்கப்பட்டது.

1989 ஜனவரித் தேர்தலில் ஜானகி அணி இரட்டைப் புறாவையும், ஜெயலலிதா அணி சேவலையும் சின்னமாகக் கொண்டு களம் புகுந்தன. எம்.ஜி.ஆரின் வழித்தோன்றல் யார் என்பதை வாக்காளரே தீர்க்கும் நிலை உண்டாயிற்று. சேவல் அணி 27 இடங்களை வென்றது. புறா அணி விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களையே பெற்றது. எம்.ஜி.ஆர். வென்ற ஆண்டிபட்டியிலேயே ஜானகி அம்மையார் தோற்றார். இருவர் பிளவால் பயன் பெற்றது தி.மு.க.வே, மூன்றிலொரு பங்கு வாக்குகளைக் கொண்டே 150 இடங்களைப் பெற்று, 13 ஆண்டுகளுக்குப்பின் அரியணை ஏறிற்று.

தோல்வி கற்பித்த பாடம் விரைவில் பயன் தந்தது. ஜானகி அம்மையார் அரசியலினின்றும் விலகினார். பிப்ரவரியில் அணிகள் இணைந்தன. இரட்டை இலை மீண்டது. மார்ச்சில் மதுரை கிழக்கு, மருங்காபுரி ஆகிய இரு தொகுதிகளிலும் ஒன்றுபட்ட கட்சி வென்றது. 1991இல் ஆட்சியும் அதன் கைக்கு வந்தது.

இனி, மலேசிய இந்தியர் காங்கிரசைக் காண்போம். 1977இல் அதன் துணைத் தலைவர் பதவிக்குச் ச. சாமிவேலுவும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். சாமிவேலு 26 வாக்குகளில் வென்றார். 1979இல் தலைவர் வெ. மாணிக்கவாசகம் மறையவே, தலைமை சாமிவேலுவிடம் வந்தது. பின்னர்ச் சுப்பிரமணியம் அவர்தம் தலைமையின்கீழ்த் துணைத் தலைவரானார். பதவிகள் பகிரப்பட்டன, ஆயினும் அணிகள் கரையவில்லை. 1989இல் தலைவர் பதவிக்கே இருவரும் மோதினர், சாமிவேலுவே வென்றார்.

இவ்விரண்டிற்கும் வேறுபாடு யாதெனின், முன்னதில் ‘தலைவர் யார்?’ என்னும் வினா ஐயமின்றித் தீர்ந்தது. தோற்றவரும் அத்தீர்ப்பை ஏற்று ஒதுங்கினார். மீண்ட சின்னம் இரு சாராருக்கும் பொதுச் சொத்தாயிற்று. பின்னதில் 26 வாக்குகள் வெற்றியைத் தந்தனவேயன்றி, வினாவைத் தீர்க்கவில்லை. மேடையில் கைகோத்து நிற்பதால் மட்டும் ஒற்றுமை பிறந்துவிடாது. பிளவுக்குக் காரணமான வினா தீர்ந்த இடத்திலேயே அது நிலைபெறும்.