நாற்காலி யார் பக்கம்? 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் ஓர் உட்பிரிவும் சாமான்களோடு விடப்பட்ட வீடும்

சாமான்களோடு வீட்டைச் சில மாதங்களுக்கு மட்டும் விடும் வழக்கம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு நம் ஆய்வுலகில் ஒரே விடைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்க வீட்டுக்காரர் கட்டிலையும் பீரோவையும் உள்ளே போட்டார். ‘குத்தகை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘உரிமம்’ என்று எழுதினார். பதினோரு மாதத்துக்கு மேல் கொடுக்க மறுத்தார். பம்பாயைப் பொறுத்தவரை இதில் எனக்குச் சண்டை இல்லை. அங்கே உரிமப் பத்திரம் அவ்வளவு பெருகியதால்தான், 1973 பிப்ரவரி 1 அன்று உரிமத்தின்பேரில் குடியிருந்தவர்களைக் குடிவாரிகளாகவே ஏற்கும் திருத்தம் வந்தது. ஆனால் பம்பாய்க் கதையை அப்படியே தூக்கிவந்து சென்னையில் வைத்தால் பொருந்தவில்லை. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தை வரிவரியாகப் படித்தால் நாற்காலிக்கு வேறொரு வேலை இருந்தது தெரியும்.

அச்சட்டத்தின் 2(2) பிரிவு ‘கட்டடம்’ என்பதற்கு வரையறை தருகிறது. தோட்டமும் புறவீடும் கட்டடத்தில் சேர்த்தி. வீட்டுக்காரர் பயன்பாட்டுக்குக் கொடுத்த மரச்சாமானும் சேர்த்தி. ஓட்டல் அறையும் உணவோடு தங்கும் விடுதியின் அறையும் மட்டும் சேர்த்தி இல்லை. இதை வைத்துத்தான் பழைய ஆய்வுகள், சட்டம் குடிவாரியின் பக்கம் நின்று சாமான் வழியாகத் தப்பும் கதவை அடைத்துவிட்டது என்று முடிவு கட்டின. முதல் பார்வைக்கு நியாயமான முடிவு. நாற்காலி போட்டதால் வீடு வீடில்லாமல் போய்விடாது என்று சட்டமே சொல்லிவிட்ட பிறகு நாற்காலியால் வீட்டுக்காரருக்கு என்ன லாபம்?

லாபம் உண்டு. அதற்கு 2(2) பிரிவை 30(ii) பிரிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் குறைவு என்பது என் எண்ணம். பம்பாயில் வந்ததல்ல, தமிழ்நாட்டுச் சட்டத்துக்கே வந்த 1973 திருத்தத்துக்குப் பின் 30(ii) பிரிவின்படி, ஒரு குடியிருப்புக் கட்டடத்துக்குக் குடிவாரி செலுத்தும் மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டினால் அந்தக் கட்டடத்துக்குச் சட்டமே பொருந்தாது. இங்கே ‘கட்டடம்’ என்ற சொல்லுக்கு 2(2) தந்த பொருள்தான். மரச்சாமான் கட்டடத்தின் பகுதி என்றால், மரச்சாமானுக்காகக் கொடுக்கும் காசும் கட்டடத்தின் வாடகைதான். பாதுகாப்புக்காக வைத்த உட்பிரிவே வீட்டுக்காரருக்கு ஏணியாகிவிடுகிறது.

கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனை. வெறும் வீடாக விட்டால் 360 ரூபாய் கிடைக்கும் ஒரு மாடிப் பகுதி. அதே வீட்டில் இரண்டு கட்டில், ஒரு சாப்பாட்டு மேசை, நான்கு நாற்காலி, ஒரு பீரோ போட்டு 410 என்று பேசுகிறார் வீட்டுக்காரர். நாற்காலிகள் உண்மையிலேயே வீட்டில் கிடக்கின்றன. ரசீது 410க்கு. ஐம்பது ரூபாய் கூடியதால் போனது ஐம்பது ரூபாய் மட்டுமில்லை. வெளியேற்றத் தடை, நியாய வாடகை கேட்கும் உரிமை, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி எல்லாமே அந்தப் பத்து ரூபாய் விளிம்பில் கைவிட்டுப் போகின்றன. உரிமப் பத்திரம் எழுதும் தந்திரம் எதற்கு? நேர்மையான குத்தகைப் பத்திரமே போதும்.

எதிர்வாதங்கள் இருக்கின்றன. நியாய வாடகைக்கு மனுப் போட்டு வாடகையை 400க்குக் கீழே இறக்கலாமே என்பார்கள். மனுப் போடச் சட்டம் பொருந்த வேண்டும்; பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பதே செலுத்தும் வாடகை. வட்டம் அங்கேயே மூடிக்கொள்கிறது. புதிய கட்டடத்துக்கு முதல் ஐந்தாண்டு எப்படியும் விலக்கு இருந்ததே என்பது இன்னொன்று. உண்மைதான், ஆறாவது ஆண்டு வரும்வரை. சாமான் வெறும் பொய்ப்பூச்சு என்றால் நீதிமன்றம் கண்டுகொள்ளாதா என்பது மூன்றாவது. இம்பீரியல் ஓட்டலின் உடைமாற்றும் அறைகளில் நடந்த முடிதிருத்தகம் பற்றிய 1959 வழக்கில், பத்திரத்தின் பெயரைப் பார்க்காதே, சாரத்தைப் பார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுகோலை ஏற்கிறேன். ஆனால் இங்கே பெயரும் சாரமும் ஒன்றுதான்: கட்டில் கட்டிலாகவே இருக்கிறது, குத்தகை குத்தகையாகவே இருக்கிறது.

கொஞ்சம் கனமான எதிர்ப்பு 1965இன் உத்தம்சந்த் வழக்கிலிருந்து வருகிறது. இயந்திரங்களோடு குத்தகைக்கு விடப்பட்ட ஒரு பருப்பு ஆலை. குத்தகையின் முதன்மை நோக்கம் கட்டடமா, இயந்திரமா என்று கேட்ட நீதிமன்றம், இயந்திரமே முதன்மை, ஆகவே வாடகைச் சட்டம் பொருந்தாது என்றது. அந்த வாதத்தைச் சாமான்களோடு விட்ட வீட்டுக்கும் நீட்டியவர்கள் உண்டு. கட்டிலுக்காக வீடு பிடிப்பவரை நான் பார்த்ததில்லை. அதைவிடப் பொருத்தமானது கல்கத்தாவின் கர்னானி மேன்ஷன் வழக்கு. வாடகை என்பது கட்டடத்தோடு சாமான், மின்சார வசதி முதலிய எல்லாவற்றுக்குமாகக் குடிவாரி கொடுக்கும் மொத்தத் தொகை என்று அதில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்தத் தீர்ப்பு அங்கே குடிவாரிக்கு உதவியது. அதே வாசகம் 400 ரூபாய்க் கோடு போட்ட சென்னையில் திரும்பி நின்று அடித்திருக்கும். ‘இருக்கும்’ என்றே எழுதுகிறேன். மேலே காட்டியது சட்ட வாசகத்தின் தர்க்கம். எத்தனை வீட்டுக்காரர்கள் அதைக் கணக்குப் போட்டே நடந்தார்கள் என்பது வேறு வகை ஆய்வுக்குரியது.

பதினோரு மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வாடகைக் கட்டுப்பாட்டோடு முடிச்சுப் போடுவது அவசரம். பதிவுச் சட்டம் 1908இன் 17வது பிரிவு ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குக் கட்டாயப் பதிவு கேட்கிறது. பன்னிரண்டு மாதம் என்று எழுதினாலும் அது ஓராண்டுக்கு மேல் ஆகாது. பதினொன்று என்பது பத்திர எழுத்தர்களின் முன்ஜாக்கிரதை. கொஞ்சம் சம்பிரதாயம் என்றும் சொல்லலாம். அந்த எண்ணில் பெரிய அரசியலைத் தேட வேண்டியதில்லை.

1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் 30(ii) பிரிவை அரசியலமைப்பின் 14வது உறுப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. 400 ரூபாய்க் கோடு அழிந்ததும் ஏணிக்குச் சாய்ந்து நிற்கச் சுவர் இல்லை. சென்னையில் உரிமப் பத்திரமும், விடுதி போல வேலையாள், துணி வெளுப்பு எல்லாம் சேர்த்துத் தரும் ஏற்பாடும் வீட்டுக்காரருக்குத் தேவைப்படும் காலம் இதற்குப் பின்னரே தொடங்குகிறது என்று வைத்தால், பழைய ஆய்வுகள் சொன்ன வரிசை தலைகீழாகிறது. நாற்காலி முதலில், விடுதி வேஷம் பிறகு. 2(2) பிரிவில் மிச்சமிருந்த ஒரே கதவு ஓட்டல், விடுதி விலக்குதான் அல்லவா?

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்தில் நடப்பில் இருக்கிறது. காலம் எவ்வளவு குறைவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரத்திடம் பதிய வேண்டும் என்கிறது. பதினோரு மாதச் சம்பிரதாயத்துக்கு இதனால் பொருள் போய்விட்டது, ஆனாலும் பத்திரங்களில் அது அப்படியே இருக்கிறது. வரையறையில் நிகழ்ந்த மாற்றத்தைக் கவனித்தவர்கள் இன்னும் குறைவு. மாநிலங்களுக்கு முன்மாதிரியாக ஒன்றிய அரசு தந்த 2021 மாதிரிக் குடிவாடகைச் சட்டத்தின் வரையறையில் ‘மரச்சாமான்’ என்ற சொல்லே இல்லை. கட்டடத்தை நன்றாக அனுபவிக்க உதவும் ‘பொருத்துதல்’ மட்டும் உண்டு. அந்த மாதிரிச் சட்டத்தில் முன்பணத்துக்கு உச்சவரம்பு, குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகை.

பழைய மாம்பலத்திலோ சோழிங்கநல்லூரிலோ ஆறு மாதத்துக்கு எழுதப்படும் ஒப்பந்தத்தின் கடைசித் தாளில் ஓர் அட்டவணை இருக்கும். மின்விசிறி ஐந்து, கீசர் இரண்டு, ஏசி ஒன்று, மெத்தையோடு கட்டில் இரண்டு, சோபா ஒன்று, வாஷிங் மெஷின் ஒன்று, எல்லாம் நல்ல நிலையில். மாதிரிச் சட்டத்தின் வரையறையை வைத்துப் பார்த்தால் உத்தரத்தில் முடுக்கிய மின்விசிறி வீட்டைச் சேர்ந்தது; அதன் கீழே கிடக்கும் கட்டில் வீட்டைச் சேர்ந்ததில்லை. சாமானுக்குத் தனி வாடகை, தனி முன்பணம் என்று இரண்டாவது பத்திரம் எழுதினால் அந்த மாதிரிச் சட்டத்தின் இரண்டு மாத வரம்பு அதைத் தொடுமா? கட்டில் கால் உடைந்ததற்கு முன்பணத்தில் பிடித்துக்கொண்டால் குடிவாரி போக வேண்டியது வாடகை அதிகாரத்திடமா, உரிமையியல் நீதிமன்றத்துக்கா? 1960இன் உட்பிரிவு, அதன் எல்லாக் கோணலோடும், இந்தக் கேள்விகளுக்கு இடம் வைக்கவில்லை.