சைக்கிள் மிதித்தால் கோடிகள் குவிவது எப்படி? நன்கொடைப் பயணங்களின் வரவு செலவுக் கணக்கு - முழு விளக்கம்

"நான் 500 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டப் போறேன். எய்ட்ஸ் நோயாளிகளுக்காக நன்கொடை கொடுங்க." நண்பர் ஒருவரிடமிருந்து இப்படி மெசேஜ் வந்தால் என்ன தோன்றும்? நல்ல விஷயம்தான். ஆனா அவர் சைக்கிள் ஓட்டினா பணம் எப்படி வரும்? நாம கொடுக்கிற பணம் நோயாளிக்குப் போகுமா, பயணச் செலவுக்கே போயிடுமா?

நியாயமான கேள்வி. அமெரிக்காவின் 2 பெரிய நன்கொடைப் பயணங்களின் கதையில் இதற்கு விடை இருக்கிறது. ஒன்று 2025இல் நின்றுபோனது. இன்னொன்று 100 கோடி டாலரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

பணம் எங்கிருந்து வருது?

சைக்கிள் ஓட்டுவதற்காக யாரும் பரிசுப் பணம் தருவதில்லை. பயணத்தில் சேரும் ஒவ்வொருவரும் 'குறைந்தது இவ்வளவு திரட்டித் தருவேன்' என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு உறவினர், நண்பர், அலுவலக சகாக்கள் என்று பலரிடம் கேட்டுத் திரட்டுகிறார். வெறுமனே பணம் கேட்பதை விட, "நான் இவ்வளவு தூரம் கஷ்டப்படப் போறேன், நீங்களும் பங்கு கொடுங்க" என்று கேட்டால் பலரால் மறுக்க முடியாது. மொத்த ஏற்பாடும் இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நடக்கிறது.

7 நாள், 877 கிலோமீட்டர்

1994இல் அமெரிக்காவில் 25 முதல் 44 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாக எய்ட்ஸ் இருந்தது. நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சை பரவலாக வர இன்னும் 2 ஆண்டுகள் இருந்தன. அந்த நேரத்தில்தான் டான் பலோட்டா என்பவர் 'கலிஃபோர்னியா எய்ட்ஸ் ரைடு' பயணத்தைத் தொடங்கினார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை 7 நாள் சைக்கிள் பயணம்.

பயணத்தின் நோக்கம் பணம் மட்டும் இல்லை. எய்ட்ஸ் என்றாலே விலகி ஓடிய காலம் அது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களும் இந்தப் பயணத்தில் வெளிப்படையாக சைக்கிள் ஓட்டினார்கள். பிற்காலத்தில், தங்கள் சைக்கிளில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டிக்கொண்டு, 'நாங்க இருக்கோம்' என்று ஊருக்கே காட்டினார்கள்.

பிரச்சினை எங்கே வந்தது?

செலவில்தான்! ஆயிரக்கணக்கானோர் ஒரு வாரம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தினமும் ஒரு ஊரில் கூடாரம், 3 வேளை சாப்பாடு, குளியல் வசதி, மருத்துவக் குழு, சைக்கிள் மெக்கானிக், சாலைப் பாதுகாப்பு, காப்பீடு, சாமான்களை ஏற்றிச் செல்ல லாரிகள் என்று எல்லாம் வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு சிறிய ஊரையே கட்டிப் பிரிப்பது மாதிரி.

இதையெல்லாம் நடத்தியது பலோட்டாவின் தனியார் நிறுவனம். நன்கொடையில் பெரும் பங்கு ஏற்பாட்டுச் செலவுக்கும் விளம்பரத்துக்கும் போகுது என்ற விமர்சனம் எழுந்தது. பணத்தைப் பெற்றுவந்த சான் பிரான்சிஸ்கோ எய்ட்ஸ் அறக்கட்டளையும் லாஸ் ஏஞ்சலிஸ் அமைப்பும் அவரிடமிருந்து விலகின. அதே பாதையில் 'எய்ட்ஸ் லைஃப்சைக்கிள்' என்ற பெயரில் 2002இல் சொந்தமாகப் பயணத்தைத் தொடங்கின. பலோட்டாவின் நிறுவனம் அதே ஆண்டு மூடப்பட்டது.

பலோட்டாவின் பதில் என்ன?

2013இல் டெட் மேடையில் அவர் தன் தரப்பைச் சொன்னார். எய்ட்ஸ் பயணங்களில் போட்ட முதலீடு 50,000 டாலர். 9 ஆண்டுகளில் எல்லாச் செலவும் போக 10.8 கோடி டாலர் எய்ட்ஸ் சேவைகளுக்குக் கிடைத்தது என்பது அவருடைய கணக்கு. 'செலவு எத்தனை சதவீதம்?' என்று மட்டும் பார்க்காதீங்க, கடைசியில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பாருங்க என்பதுதான் அவர் வாதம். இதிலும் ஒரு நியாயம் இருக்கு. 100 ரூபாய் திரட்டி 95 ரூபாய் கொடுப்பவரை விட, 1,000 ரூபாய் திரட்டி 600 ரூபாய் கொடுப்பவரால் நோயாளிக்குக் கிடைப்பது அதிகம்.

ஆனால் கொடுத்தவர் தன் பணம் முழுவதும் நோயாளிக்குப் போவதாக நினைத்துத்தான் கொடுத்திருப்பார். அந்த நம்பிக்கை உடைந்தால் அடுத்த ஆண்டு பணம் வராது.

இன்னொரு வழி இருக்கா?

இருக்கு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 'பான்-மாஸ் சேலஞ்ச்'. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் 1980இல் 36 பேருடன் தொடங்கினார். முதல் ஆண்டு திரட்டியது 10,200 டாலர். 2024இல் மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டியது. பணம் போவது பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்கு.

இங்கே ஓட்டுநர்கள் திரட்டும் நன்கொடை 100 சதவீதமும் மையத்துக்கே போகிறது. அப்போ செலவை யார் பார்க்கிறாங்க? ஓட்டுநர்களின் பதிவுக் கட்டணம், ஸ்பான்சர் நிறுவனங்கள், பொருளாக வரும் உதவிகள். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களும் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார்கள். பயணமும் பெரும்பாலும் 1 அல்லது 2 நாள்தான். ஒப்புக்கொண்ட தொகையைத் திரட்ட முடியாவிட்டால், மீதி ஓட்டுநரின் கிரெடிட் கார்டிலிருந்து எடுக்கப்படும்.

அப்போ அந்தப் பயணம் ஏன் நின்றது?

தொண்டு அமைப்புகளே நடத்தியும் எய்ட்ஸ் லைஃப்சைக்கிளுக்குச் செலவுச் சிக்கல் தீரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு பங்கேற்பும் நன்கொடையும் குறைந்தன. ஏற்பாட்டுச் செலவோ ஏறியது. 2025 ஜூன் மாதம் கடைசிப் பயணம் நடந்தது. முந்தைய எய்ட்ஸ் ரைடையும் சேர்த்து, இந்தப் பாதையில் திரண்டது 30 கோடி டாலருக்கும் மேல். எச்.ஐ.வி. பரிசோதனை, சிகிச்சை, தடுப்புப் பணிகளுக்குப் பெரிய ஆதாரமாக இருந்த பயணம் அது. இனி அந்தப் பணத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டிய நிலை.

பணம் கொடுக்கும் முன் என்ன கேட்கணும்?

* பயணச் செலவு யாருடையது? பதிவுக் கட்டணமா, ஸ்பான்சரா, நம்ம நன்கொடையா?
* பணம் நேராகத் தொண்டு அமைப்பின் கணக்குக்குப் போகுதா, தனிநபர் கணக்குக்கா?
* போன முறை எவ்வளவு திரண்டது, அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது?
* அமைப்பின் பெயரில் ரசீது கிடைக்குமா?

இதைக் கேட்டால் நண்பர் கோபப்பட வேண்டியதில்லை. நேர்மையாக நடக்கும் பயணத்தில் இந்த 4 கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும். பதில் வராவிட்டால், அதே பணத்தை அமைப்புக்கு நேரடியாக அனுப்பிவிட்டு, நண்பருக்கு ஒரு வாழ்த்து சொல்லிவிடலாம்.