பள்ளிவாசலின் பெட்ரோமாக்ஸ்: ஒளியும் ஓர் அமானிதமே

 

நமது பள்ளிவாசலின் சாமான் அறையில் மூன்று பெட்ரோமாக்ஸ் விளக்குகள் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்தன. அவற்றைப் பழைய பித்தளை விலைக்குப் போட்டுவிடலாம் என்று பொதுக்குழுவில் சிலர் கூறினர். முன்னோர் வாங்கி வைத்த பொருள், பழுது பார்த்து வைப்போம் என்று வேறு சிலர் கூறினர். இரு தரப்பையும் கேட்ட நிர்வாகத்தார், அவ்விளக்கின் வரலாற்றையும் அதிலுள்ள ஆபத்தையும் விசாரித்து ஆண்டு மலரில் எழுதுமாறு நம்மைப் பணித்தனர். அதன் பொருட்டே இக்கட்டுரை.

பெர்லின் விளக்கும் குமரிக்கரை மணலும்

மண்ணெண்ணெய் விளக்குகளில் அரிக்கேன் விளக்கை நாம் அறிவோம். திரி எண்ணெயை உறிஞ்சி எரிகிறது. அதன் சுடரே ஒளி. பெட்ரோமாக்ஸின் அமைப்பு வேறு. அதில் திரி இல்லை. தொட்டியில் காற்றை அடித்து ஏற்றும் அழுத்தத்தால் எண்ணெய் மேலே உந்தப்பட்டு, சூடான குழாயில் ஆவியாகி, நாசிலின் நுண்துளை வழியே சீறி வெளிவந்து, காற்றுடன் கலந்து எரிகிறது. ஆவியாய் எரிவதால்தான் நம்மூரில் அதற்குக் 'காஸ் லைட்' என்று பெயர் வந்தது. கண்ணைப் பறிக்கும் அந்த வெள்ளொளியைத் தருவது மேண்டில் என்னும் சிறு வலைப்பை.

மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1885இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நூறில் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த கலவையே சிறந்தது என்பதை 1891இல் கண்டார். அந்தத் தோரியம் மோனசைட் என்னும் மணலில் உள்ளது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் அம்மணலை மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கண்டறிந்தார். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த அவ்வூர் இன்று நமது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அதன்பின் ஐரோப்பிய நகரங்களில் எரிந்த மேண்டில்களுக்குத் தமிழ்க் கடற்கரையின் மணலும் பயன்பட்டது.

1910ஆம் ஆண்டை ஒட்டி, பெர்லின் நகரின் ஏரிக் அண்டு கிரேட்ஸ் நிறுவனம் இவ்வகை விளக்கை உருவாக்கியது. அதன் தலைவர் மாக்ஸ் கிரேட்ஸ். பெட்ரோலியம் என்ற சொல்லும் அவர் பெயரும் சேர்ந்தே 'பெட்ரோமாக்ஸ்' ஆயிற்று. பின்னர் பல நாடுகளில் பல பெயர்களில் இவ்விளக்கு தயாரானபோதும், நம் மக்களின் நாவில் அந்த ஒரு பெயரே நிலைத்தது.

சென்னையில் 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடியது. ஆயினும் பெரும்பாலான வீடுகளின் வெளிச்சம் அதற்குப் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெயை நம்பியே இருந்தது. அந்த எண்ணெய் எவ்வாறு எரியும் என்பதை 1914 செப்டம்பர் 22 இரவில் நகரம் நேரில் கண்டது. எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தருகே நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீச, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. 'எம்டன்' என்ற சொல் நம் பேச்சு வழக்கில் புகுந்தது அன்றுதான்.

நமது வட்டாரத்தில்

1920களில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவான காலத்தில் அடையாற்றின் தென்கரை தோப்பும் தோட்டமுமாய் இருந்தது. மயிலாப்பூரின் சந்துகள் மாலையானதும் இருண்டுவிடும். அக்காலத்து நிகாஹ் ஊர்வலமாயினும் கோயில் திருவிழாவாயினும் மீலாது மேடையாயினும் காஸ் லைட் இன்றி நடந்ததில்லை என்பதை மூத்த ஜமாஅத்தார்கள் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டுச் சொல்கின்றனர். வாடகைச் சைக்கிள் கடைகளிலேயே விளக்கும் இரவு வாடகைக்குக் கிடைக்கும். மின்சாரம் நின்ற ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழுகை இவ்விளக்கொளியில் நிறைவேறியதையும், இரவில் மையித்தை அடக்கம் செய்யும்போது கபரஸ்தானில் ஒருவர் விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்றதையும் அவர்கள் மறக்கவில்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். திருமண ஊர்வலங்களில் எரியும் விளக்கைத் தலையில் சுமந்து நடந்தவர்கள் நரிக்குறவ மக்களும் ஏழைக் கூலித் தொழிலாளர்களுமே. மாப்பிள்ளையின் முகத்தில் ஒளி விழுந்தது. சுமந்தவர் தலைமீது வெப்பமும் எண்ணெய்த் தொட்டியும் இருந்தன. விளக்கின் பெருமையைப் பேசும் நாம் அந்தத் தலைகளையும் நினைவுகூர்தல் கடமை.

2015 டிசம்பர் இரவு

2015 டிசம்பர் முதல் வாரப் பெருவெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகள் நீரில் மூழ்கின. மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. நகரின் பல பள்ளிவாசல்களைப் போலவே நமது பள்ளியிலும் சாதி மத பேதமின்றி மக்கள் தங்கினர். இரண்டாம் இரவே டார்ச்சுகளும் சார்ஜ் விளக்குகளும் அணைந்துவிட்டன. அப்போது இளைஞர்கள் சிலர் சாமான் அறையிலிருந்து பெட்ரோமாக்ஸ் ஒன்றை எடுத்து, எண்ணெய் ஊற்றி, பம்பை வேகமாக அடித்துத் தீக்குச்சியைக் காட்டினர். குழாய் சூடாகவில்லை. ஆவியாக வேண்டிய எண்ணெய் திரவமாகவே பீறிட்டு, மூடியைத் தாண்டித் தீ முழ உயரம் எழுந்தது. பிள்ளைகள் அலறினர்.

அங்கிருந்த ஓய்வுபெற்ற மோதினார் பதறாமல் சென்று, துணியால் கையைச் சுற்றிக்கொண்டு, தொட்டியின் காற்றுத் திருகைத் திறந்தார். அழுத்தம் வெளியேறியது, தீ தாழ்ந்து அணைந்தது. பிறகு அவரே முறைப்படி சூடாக்கி ஏற்றித் தந்தார். விடியும்வரை முற்றத்தில் அது எரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் தீங்கில்லை.

அன்றிரவு நம்மிடம் விளக்கு இருந்தது, எண்ணெயும் இருந்தது. அதனை ஏற்றும் அறிவு ஒரே ஒரு முதியவரிடம் மட்டுமே இருந்தது. அவர் இன்று நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

பழுது பார்த்த விதம்

பழைய விளக்குகளைப் பழுது பார்க்கும் அனுபவமுள்ள ஒருவரிடம் மூன்றையும் காட்டினோம். முதலில் பழைய எண்ணெயை முழுவதும் வடித்தார். எண்ணெய் இல்லாத தொட்டியில் காற்றை அடித்து நீரில் அமிழ்த்தினார். ஒன்றில் அடித்தட்டின் ஓரத்தில் குமிழிகள் வந்தன. அதனைப் பற்றவைக்கலாமா என்று கேட்டோம். உள்ளே தங்கிய எண்ணெய் ஆவி சூட்டில் வெடிக்கும் என்றும், ஒட்டுப்போட்ட தொட்டியை அழுத்தத்திற்கு நம்பலாகாது என்றும் சொல்லி, அதனைக் காட்சிப்பொருளாக வைக்கச் சொன்னார்.

மற்ற இரண்டிலும் பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. எண்ணெயில் ஊறவைத்ததும் ஒன்று உயிர்பெற்றது, மற்றது மாற்றப்பட்டது. பம்பின் அடியிலுள்ள ஒருவழி வால்வின் ரப்பர் கல்லாகியிருந்தது. அது பழுதானால் எண்ணெய் பம்புக்குள் ஏறிக் கைப்பிடி வழியே கசியும். ஆகவே இரண்டிலும் புதிது போடப்பட்டது. நாசிலும், அதன் துளையைக் குத்தித் துலக்கும் ஊசியும், எண்ணெய் ஊற்றும் மூடியின் வாஷரும் மாற்றப்பட்டன. பித்தளையைப் புளியால் மட்டும் தேய்த்தோம். உப்புத்தாள் கொண்டு சுரண்டவில்லை.

ஏற்றும் முறையும் எச்சரிக்கையும்

தொட்டியின் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றலாகாது. அழுத்தக் காற்றுக்கு இடம் வேண்டும். வடிகட்டியுள்ள புனலால் ஊற்றுக. காற்றுத் திருகைத் திறந்து வைத்து, சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை எரித்துக் குழாயை நன்கு சூடாக்குக. ஸ்பிரிட் எரிந்து தீரும் தறுவாயில் திருகை மூடி மெதுவாகப் பம்ப் அடித்து, பிறகு எண்ணெயைத் திறந்துவிடுக. அழுத்தமானியின் சிவப்புக் கோட்டைத் தாண்டலாகாது. 500 மெழுகுவர்த்தி ஒளி என்று குறிக்கப்பட்ட விளக்கு ஏறத்தாழ 1 லிட்டரில் 8 மணி நேரம் எரியும். அணைக்கக் காற்றுத் திருகைத் திறந்தால் போதும். எரியும்போதோ சூடு ஆறுமுன்போ எண்ணெய் மூடியைத் திறக்கவே கூடாது.

பெட்ரோல் ஒரு துளியும் சேரலாகாது. மண்ணெண்ணெய் ஆவி தீப்பற்ற ஓரளவு வெப்பம் வேண்டும். பெட்ரோலின் ஆவியோ உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும். மூடிய அறையில் விளக்கு எரிந்தால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உறங்குவோரைக் கொல்லக்கூடும். ஆகவே நமது விளக்கு முற்றத்திலும் திறந்த வெளியிலும் மட்டுமே எரியும். அருகில் ஒரு வாளி மணல் இருத்தல் வேண்டும். எண்ணெய்த் தீயில் நீரை ஊற்றினால் எண்ணெய் மிதந்து பரவும்.

ஒருமுறை எரிந்த மேண்டில் சாம்பல் வலையாகிவிடும். விரல் பட்டாலே உதிரும். பழைய மேண்டில்களில் உள்ள தோரியம் சிறிதளவு கதிரியக்கம் உடையது. ஒளிரும் விளக்கின் அருகே நிற்பதைவிட, உதிர்ந்த தூளைச் சுவாசிப்பதே கேடு. அதனை ஈரத்துணியால் எடுத்துப் பொதிந்து அகற்றிக் கைகழுவ வேண்டும். இட்ரியம் கலந்த மேண்டில்களும் இப்போது உள்ளன. நாம் அவற்றையே வாங்கியுள்ளோம்.

முடிவாக

மஸ்ஜிதில் முதன்முதலில் விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் என இப்னு மாஜாவில் காண்கிறோம். மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு எரிந்த செய்தி கேட்டு, உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரியில் காண்கிறோம். ஏற்றுவதும் அணைப்பதும் ஒரே மார்க்கத்தின் இரு பாடங்கள்.

எனவே நாம் நிர்வாகத்திற்குச் சமர்ப்பிக்கும் கருத்து இதுவே: இரு விளக்குகளையும் வைத்திருப்போம். ஆண்டுக்கு இருமுறை, மழைக்காலத்திற்கு முன்னும் ரமளானுக்கு முன்னும், இளைஞர்கள் நால்வர் அவற்றை ஏற்றி அணைக்கப் பழக வேண்டும். அவர்கள் பெயர் சாமான் அறைக் கதவில் எழுதப்பட வேண்டும், வேறெவரும் தொடலாகாது. பழக முன்வருவோர் எவரும் இல்லையெனில் அவற்றைப் பித்தளைக்கே போட்டுவிடுவது மேல். ஏற்றத் தெரியாதவர் கையில் அகப்பட்ட விளக்கு என்ன செய்யும் என்பதை 2015இல் கண்டுவிட்டோம்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் அண்டை அயலாரையும் வெள்ளத்திலிருந்தும் நெருப்பிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.