பழுதறிதலும் ஆளறிதலும்

ஒரு நிறுவனத்தின் பெயர் பிறமொழியொன்றில் பொதுச்சொல்லாகக் கலந்துவிடுவது அரிதாக நிகழ்வது. தமிழ்நாட்டில் நகலெடுப்பதை நாம் இன்றும் 'ஜெராக்ஸ்' என்றே சொல்கிறோம். உள்ளே இருக்கும் இயந்திரம் எந்த நிறுவனத்துடையதாயினும் தெருமுனைக் கடையின் பலகையில் அச்சொல்லே எழுதப்பட்டிருக்கும். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, சான்றிதழ்களோடு நாம் வரிசையில் நிற்கும்போது அந்த இயந்திரம் நின்றுபோகும். கடைக்காரர் யாரையோ தொலைபேசியில் அழைப்பார். சிறிது நேரத்தில் தோள்பையுடன் ஒருவர் வருவார், மூடியைக் கழற்றும் முன்பே, "என்ன சத்தம் வந்தது? எப்போதிருந்து வருகிறது?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அவரை வேலைக்குச் சேர்த்தவர் எதைப் பார்த்துச் சேர்த்தார்? அலுவலக இயந்திரங்களைப் பழுதுபார்க்க வரும் விண்ணப்பதாரரை எடைபோடுவது எப்படி என்பது ஆள்சேர்ப்புத் துறையின் சின்னஞ்சிறு விவகாரமாகவே தோன்றும். ஆனால் அறிவு என்பது ஏட்டில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்ற பழைய வழக்கு அதற்குள் நடந்துகொண்டிருக்கிறது. அவ்வழக்கின் சாட்சியங்கள் தெளிவாகப் பதிவாகியிருப்பது, நம் கடைப்பலகைகளுக்குப் பெயர் தந்த அதே அமெரிக்க நிறுவனத்தின் வரலாற்றில்தான்.

காப்புரிமைப் பணியில் இருந்து, ஆவணங்களுக்குப் படி எடுத்தே சலித்துப்போன செஸ்டர் கார்ல்சன், 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் தம் முதல் உலர்நகலை எடுத்தார். அது அலுவலகத்தில் வைக்கத்தக்க இயந்திரமாவதற்கு இருபத்தோரு ஆண்டுகள் பிடித்தன. ராச்செஸ்டர் நகரின் ஹலாய்டு நிறுவனம் - பின்னாளைய ஜெராக்ஸ் - 1959 செப்டம்பரில் '914' என்னும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. 9 அங்குலத்துக்கு 14 அங்குலத் தாளை நகலெடுக்கும் என்பதே அப்பெயரின் பொருள். எடை ஏறத்தாழ 300 கிலோ. மையைத் தாளில் உருக்கிப் பதிக்கும் வெப்பப் பகுதியருகே தாள் சிக்கினால் தீப்பற்றும் அபாயம் இருந்தது. அதற்கென உடன் வைக்கப்பட்ட தீயணைப்பானை 'கருகல் நீக்கி' என்று நாசூக்காக அழைத்தார்களாம்.

இந்த இயந்திரத்தை நிறுவனம் பெரும்பாலும் வாடகைக்கே விட்டது. மாதம் 95 டாலர். முதல் 2000 நகல்கள் அதில் அடக்கம். அதற்குமேல் ஒவ்வொரு நகலுக்கும் சில சென்ட்டுகள். இந்த ஏற்பாட்டின் விளைவு நம் பொருளுக்கு முக்கியமானது. இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு மணியும் நிறுவனத்தின் வருமானம் நிற்கும் மணி. பழுதுபார்ப்பவர் விற்பனைக்குப் பின் வரும் உபசாரமாக இல்லாமல், வருமானத்தின் காவலராகவே ஆகிவிட்டார். வாடிக்கையாளரைப் பொறுத்தவரை நிறுவனத்தின் முகமும் அவரே. அப்படிப்பட்டவர்கள் பெருந்தொகையில் தேவைப்பட்டபோது, எப்படிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழுந்தது.

நிறுவனங்கள் இயல்பாகவே நாடும் விடை ஒன்று உண்டு: அறிவைக் கையேட்டில் வைத்துவிடுவது. இந்தக் குறியீடு தெரிந்தால் இதைச் சோதி. ஆம் எனில் இப்பக்கம் போ, இல்லை எனில் அப்பக்கம் போ. இறுதியில் இந்தப் பாகத்தை மாற்று. 1980களில் ஜெராக்ஸ் தன் தொழில்நுட்பர்களுக்கு அளித்த கையேடுகள் இத்தகைய கட்டளைக் கையேடுகளாகவே இருந்தன. அவற்றின் அடியில் ஒரு நம்பிக்கை மறைந்திருந்தது: இயந்திரத்தைப் புரிந்துகொள்வது வடிவமைத்தவரின் வேலை, பழுதுபார்ப்பவர் சொன்னதைச் செய்தால் போதும். இந்நம்பிக்கை சரியென்றால் ஆள்தேர்வும் எளிது. வாசிக்கத் தெரிந்த, வரிசை பிறழாத, திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவரும் போதும்.

தேர்வுத்தாள்களுக்கும் அப்போது ஒரு வரலாறு உருவாகியிருந்தது. கப்பிகள், பற்சக்கரங்கள், நெம்புகோல்கள் ஆகியவற்றின் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்கும் பென்னட் இயந்திரவியல் புரிதல் தேர்வு 1940 முதலே அமெரிக்காவில் புழக்கத்தில் இருந்தது. கைத்தொழில் வேலைகளுக்கு ஆளெடுக்கும் இடங்களில் இத்தகைய தேர்வுகள் பரவலாயின. தாளில் பெறும் மதிப்பெண் தளத்தில் வெளிப்படும் திறனைச் சொல்லிவிடும் என்ற எண்ணத்தைப் பலரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கவைத்தது ஒரு நீதிமன்ற வழக்கு. அது நகல் இயந்திரத்தைப் பற்றியதன்று, மின்நிலையத்தைப் பற்றியது. எனினும் இத்தகைய ஆள்தேர்வுகள் அனைத்தின் மீதும் அதன் நிழல் விழுந்தது.

வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் மின்நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்கள் துப்புரவும் சுமையும் சார்ந்த ஒரே பிரிவில் மட்டும் வைக்கப்பட்டிருந்தனர். அப்பிரிவின் உச்ச ஊதியம் ஏனைய பிரிவுகளின் அடிமட்ட ஊதியத்தைவிடக் குறைவு. இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் வேலைவாய்ப்புச் சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புதியதொரு விதியைக் கொண்டுவந்தது: நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர வேண்டுமானால் பள்ளியிறுதிச் சான்றிதழோடு இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும். அவற்றுள் ஒன்று பொது அறிவுத்திறனை அளக்கும் வொண்டர்லிக் தேர்வு. மற்றொன்று மேலே சொன்ன பென்னட் தேர்வு.

1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. தேர்வு என்பது அந்த வேலைக்கு அந்த மனிதர் பொருந்துவாரா என்பதை அளக்க வேண்டும். மனிதரை வெறுமனே பொதுவில் அளந்து பயனில்லை என்பது அதன் சாரம். தீர்ப்பில் குறிக்கப்பட்ட ஓர் உண்மை நம்மைத் தனியே சிந்திக்கவைக்கிறது. அவ்விதிகள் வரும் முன்பே சான்றிதழோ தேர்வோ இன்றிச் சேர்ந்தவர்கள் அதே பிரிவுகளில் நன்றாகவே வேலை செய்து பதவி உயர்வும் பெற்றுவந்தனர். நிறுவனத்தின் அளவுகோலைப் பொய்யாக்கும் சான்று, நிறுவனத்தின் உள்ளேயே நாள்தோறும் நடமாடிக்கொண்டிருந்தது.

அளவுகோல் தவறென்றால், அளக்க வேண்டியது எது? இதற்கான விடையை நோக்கி நம்மை அழைத்துச் செல்பவர் ஜூலியன் ஓர். முன்பு தாமே தொழில்நுட்பராக இருந்து, பின் மானுடவியலுக்கு வந்தவர். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணிபுரிந்த அவர், தொலைதூரப் பழங்குடிகளைத் தேடிப் போகாமல், தம் நிறுவனத்தின் நகல் இயந்திரத் தொழில்நுட்பர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவர்களோடு காலைச் சிற்றுண்டி உண்டார். வாடிக்கையாளர் அலுவலகங்களுக்கு உடன் சென்றார். 1990இல் ஆய்வேடாகவும், 1996இல் 'இயந்திரங்களைப் பற்றிப் பேசுதல்' என்று பொருள்படும் தலைப்பில் நூலாகவும் அது வெளிவந்தது.

ஓர் பதிவுசெய்த நிகழ்ச்சி ஒன்று பின்னர் மேலாண்மை ஆய்வாளர்களிடையே புகழ்பெற்றது. ஓர் இயந்திரம் பிழைக் குறியீடுகளை ஏராளமாகக் காட்டுகிறது. ஆனால் அவை கையேட்டின் எந்த விளக்கத்தோடும் பொருந்தவில்லை. பெற்ற பயிற்சியோடும் பொருந்தவில்லை. தொழில்நுட்பர் தம் மூத்த நிபுணரை அழைக்கிறார். அவருக்கும் பிடிபடவில்லை. கையேட்டின்படி எஞ்சிய வழி இயந்திரத்தையே மாற்றிவிடுவது. அப்படிச் செய்தால் வாடிக்கையாளரின் நம்பிக்கை போகும், நிறுவனத்தின் பணம் போகும், தம் மதிப்பும் போகும் என்பதை இருவரும் அறிவர். எனவே அவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். முன்பு எங்கோ ஓர் இயந்திரம் இப்படிச் செய்தது, அன்று இதைச் சோதித்தோம், அது இப்படி முடிந்தது என்று ஏறத்தாழப் பன்னிரண்டு கதைகள் அவர்களிடையே பரிமாறப்படுகின்றன. இடையிடையே சோதனை, மீண்டும் கதை. உதிரியாய்க் கிடந்த குறிகள் மெல்ல ஒரே கதையாகக் கோக்கப்படும்போது பழுதும் பிடிபட்டுவிடுகிறது. பின்னர் அந்நிகழ்ச்சியே ஒரு புதிய கதையாகி மற்றவர்களிடம் போய்ச் சேர்கிறது.

ஓர் கண்ட மற்றொன்று, தொழில்நுட்பரின் வேலையில் இயந்திரம் ஒரு பங்குதான் என்பது. வாடிக்கையாளரும் அதில் உண்டு. எந்தச் சத்தத்தைக் கண்டு அஞ்ச வேண்டும், எதைப் பொருட்படுத்த வேண்டாம், பழுதை எந்தச் சொற்களால் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் தொழில்நுட்பர் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இவற்றில் எதுவும் நிறுவனத்தின் பணிவிவரத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததை நேர்முகத் தேர்வு தேடாது. இங்குதான் நாம் சொல்ல விரும்பும் ஒன்று தெளிவாகிறது: விண்ணப்பதாரரை அளப்பதற்கு முன்பே, வேலை இன்னது என்று நாம் கொண்ட எண்ணம் கேள்வித்தாளாக அச்சேறிவிடுகிறது. அந்த எண்ணம் பிழையென்றால், நல்ல கை உடையவர் வாசலிலேயே நின்றுவிடுவார். அவர் நின்றுவிட்டதை நாம் அறியவும் மாட்டோம்.

அப்படியானால் கதை சொல்லத் தெரிந்தவரைச் சேர்த்துக்கொண்டால் போதுமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான ஐயம். வாய்ச்சாலம் உள்ளவர் வெல்வார், கூச்சம் உள்ளவர் தோற்பார். கேட்பவருக்கு நம் ஊர், நம் சாதி, நம் பேச்சு என்ற சாய்வுகளும் உண்டு. மனம்போன போக்கில் நடத்தும் உரையாடலைவிட, எல்லோருக்கும் ஒரே கேள்விகளும் முன்பே வகுத்த மதிப்பீடும் கொண்ட நேர்முகமே மேல் என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. 1998இல் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் வெளியிட்ட தொகுப்பாய்வில், பின்னாளைய பணித்திறனோடு வேலை மாதிரித் தேர்வின் தொடர்பு 0.54 என்றும், அனுபவ ஆண்டுகளின் தொடர்பு வெறும் 0.18 என்றும் கணித்தனர். 2022இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்ந்தோரும், பழைய கணக்கின் புள்ளியியல் திருத்தங்கள் மிகையானவை என்று காட்டி எண்களைக் குறைத்தனர்: ஒழுங்கமைத்த நேர்முகம் 0.42, தொழிலறிவுத் தேர்வு 0.40, வேலை மாதிரித் தேர்வு 0.33. 1 என்பது முழுப் பொருத்தம். மிகச் சிறந்த அளவுகோலும் பாதி வழியைக்கூடத் தாண்டவில்லை என்பது, ஆளெடுக்கும் நாற்காலியில் அமர்வோர் அனைவருக்கும் அடக்கம் கற்பிக்க வேண்டிய செய்தி.

ஜெராக்ஸ் தான் கண்ட பாடத்தை ஒரு வகையில் ஏற்றுக்கொண்டது. 1990களில் பிரான்ஸில் தொடங்கிய 'யுரேகா' என்னும் ஏற்பாட்டில், தொழில்நுட்பர்கள் தாம் கண்டறிந்த தீர்வுகளைக் குறிப்புகளாக எழுதினர். சக தொழில்நுட்பர்கள் அவற்றைச் சரிபார்த்தனர். ஏற்கப்பட்ட குறிப்பு எழுதியவரின் பெயரோடு எல்லோருக்கும் சென்றது. இதற்குப் பணப்பரிசு வேண்டாம் என்றே அவர்கள் முடிவுசெய்தார்கள். பெயரே போதுமென்றார்கள். சொன்னதைச் செய்பவர் என்று கருதப்பட்டவர்கள், தம்மை நூலாசிரியர்களாகவே கண்டிருக்கிறார்கள்.

இவ்வரலாற்றிலிருந்து ஆளெடுப்போர் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு என்று கருதுகிறோம். விண்ணப்பதாரர் முன் பழுதான இயந்திரம் ஒன்றை வைப்பது. கையேடு தவறான வழிகாட்டும் பழுதாக அது இருப்பது. அவர் முதலில் திருப்புளியை எடுக்கிறாரா, கேள்வி கேட்கிறாரா என்று கவனிப்பது. தம்மால் சரிசெய்ய முடியாமற்போன ஒரு பழுதைப் பற்றிச் சொல்லச் சொல்வது. வெற்றிக்கதையை எவரும் இரவல் வாங்கிவிடலாம்; தோல்வியை அதன் நுணுக்கங்களோடு சொல்ல, அங்கே இருந்திருக்க வேண்டும். அனைவர்க்கும் இவற்றை ஒரே விதமாகக் கேட்டு, ஒரே விதமாக மதிப்பிடுவது. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பதோடு, யாருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள் என்றும் கேட்பது.

மீண்டும் அந்தக் கடைக்கு வருவோம். தோள்பைக்காரர் இப்போது உருளையைத் துடைத்துக்கொண்டே, சென்ற மாதம் வேறொரு கடையில் இதே போன்ற இயந்திரம் செய்த வம்பைக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரிசையில் நிற்கும் நமக்கு அது வீண்பேச்சாகத் தோன்றுகிறது. சீக்கிரம் ஆகட்டும் என்று முணுமுணுக்கிறோம். அவரோ வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். நம் கையிலிருக்கும் சான்றிதழ்களை எவரோ ஒருவர் நாளை மேசையில் பரப்பி நம்மை எடைபோடப்போகிறார். அவரும் நம்மிடம் இப்படியொரு கதையைக் கேட்பாராக.